கட்டத்தைக் காணோம்

நீங்கள் உட்காரச் சொன்ன நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, மேடம். குறையாகச் சொல்லவில்லை. எங்கள் கடையில் இருந்திருந்தால், இது முதுகுவலிக்காரர்களுக்கென்று தனியாகச் செய்தது, லேசாக ஆடினால்தான் இடுப்புக்கு ரத்தம் இறங்கும் என்று சொல்லி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தள்ளிவிட்டிருப்போம். சாயங்காலம் வேறொருவர் வந்து, ஆடுகிற நாற்காலி இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டிருப்பார்.

உள்ளதை உள்ளபடி, என் கையாலேயே, இந்தத் தேர்வு வாரிய அலுவலகக் கணினியில் அடித்துத் தரச் சொன்னீர்கள். அடிக்கிறேன். நிதானமாகச் செய்யலாம் என்றும் சொன்னீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் அக்கா மகளுக்குத்தான் அவசரம். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிறாள். தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்துக்கொண்டிருக்கிறாள். இதை அவளுக்காகத்தான் எழுதுகிறேன். இதில் வரும் மற்ற காரியங்களையும் அவளுக்காகத்தான் செய்தேன் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கும் எனக்கும் வேலை சுலபம்.

முதலில் என் வளர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா பாத்திரக் கடை நடத்தினாள். நீளமான சந்தைத் தெரு, இரண்டு பக்கமும் கடைகள். எந்தக் கடையிலும் எந்தப் பொருளுக்கும் முதலில் சொன்ன விலைக்கு யாரும் வாங்கியதில்லை, யாரும் விற்றதுமில்லை. எங்கள் கடைக்குள் இரண்டு வார்த்தைகளுக்குத் தடை. ஒன்று "தெரியாது". இன்னொன்று "பழுது". எனக்கு எட்டு வயதில், வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு குடம் உருண்டு ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. வாங்க வந்த பெண் அதைத் தடவிப் பார்த்து, என்ன இது என்று கேட்டாள். என் அம்மா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "இடுப்புல உக்காரணும்ல, அதுக்குத்தான்," என்றாள். அடுத்த வாரம் மூன்று பேர் வந்து இடுப்புக் குடம் கேட்டார்கள். அதற்கடுத்த வாரம் நானும் அக்காவும் கொல்லையில் உட்கார்ந்து, புதுக் குடங்களை ஒரே மாதிரி நசுக்கிக்கொண்டிருந்தோம்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போவதற்கு முன்மாதிரி இருந்தது என்று பதிவாகட்டும்.

இப்போது என் தொழில். டயர் கடைக்கு மேலே இருக்கும் மாதிரித் தேர்வு மையத்தில் நான் கேள்வி ஏற்றுகிறவன். ஒரே கூடம். முப்பத்திரண்டு கணினிகள், அவற்றுக்கு நடுவே தடுப்பு அட்டைகள், இரண்டு மின்விசிறிகள். அவற்றில் ஒன்று சுற்றும். நில அளவையர் வேலைக்குத் தேர்வு எழுதப்போகிறவர்கள் அங்கே வந்து, நிஜத் தேர்வு போலவே கடிகாரம் ஓட, திரையில் கேள்வியைப் படித்து, நான்கு விடைகளில் ஒன்றைச் சொடுக்கிப் பழகுவார்கள். கேள்விகளைக் கணினியில் ஏற்றுவது, மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்டுவது, சந்தேகம் கேட்டால் சமாளிப்பது, மூன்றும் என் வேலை. மூன்றாவதில்தான் எனக்கு நல்ல பெயர்.

என் அக்கா மகளும் அங்கேதான் பழகினாள். அளவையர் தேர்வை முப்பது வயது வரைதான் எழுதலாம். அவளுக்கு முப்பது முடிய அப்போது நான்கு மாதம் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் மயிரிழையில் தவறவிட்டவள். மூன்று மாதத்தில் வரும் தேர்வுதான் அவளுக்குக் கடைசி. அதற்காகவே பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் கம்ப்யூட்டர்காரர் வந்து எல்லா இயந்திரங்களிலும் எதையோ புதுப்பித்துவிட்டுப் போயிருந்தார். காலை வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். முதல் வரிசையில் லாரி ஓட்டுநர் ஒருவர். லாரி ஓட்டிக்கொண்டே படிக்கிறவர். அவர் கையைத் தூக்கினார்.

"சார், ஒம்பதாவது கேள்வியில நடுவுல ஒரு கட்டம் வருதே. என்ன சார் அது?"

போய்ப் பார்த்தேன். 12 □ 4 = ? என்று இருந்தது. கீழே □49 என்று இன்னொரு கேள்வி. எண்களும் எழுத்துகளும் ஒழுங்காக இருந்தன. கழித்தல், வகுத்தல், வர்க்கமூலம், விடச் சிறியது, விடப் பெரியது, வெப்பநிலைக்குப் போடுகிற குட்டி வட்டம் என்று எல்லாக் குறிகளும் போய், அவற்றின் இடத்தில் வெறும் சதுரங்கள். சமக்குறியைத் தவிர, கூட்டல் குறி ஒன்றுதான் எப்படியோ தப்பித்திருந்தது.

முப்பத்தொரு தலைகள் தடுப்பு அட்டைகளுக்கு மேலே எழுந்து என்னைப் பார்த்தன. அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். நசுங்கிய இடத்தைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிற பார்வை.

"அது புதுசு," என்றேன். "இந்த வருஷந்தான் சேத்திருக்காங்க."

"பேரு என்ன சார்?"

"இசைவுக் கட்டம்."

அந்தப் பெயரை நான் யோசித்து வைக்கவில்லை. விலை கேட்டவுடன் வாயில் வருகிற முதல் விலை மாதிரி அது தானாக வந்தது. ஒருமுறை சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்கக் கூடாது என்பதுதான் அதில் உள்ள ஒரே கஷ்டம்.

இறங்கவில்லை. அன்றைக்கே வெள்ளைப் பலகையில் விளக்கினேன். இடது பக்கம் நிற்கும் எண் விற்கிறவன். வலது பக்கம் நிற்பவன் வாங்குகிறவன். கட்டம் என்பது நடுவில் நிற்கும் தரகன். அவன் வாயைத் திறந்து எதையும் சொல்லமாட்டான். நான்கு விடைகளையும் பார்த்து, அவன் மனதில் எது இருக்கிறது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். 12 □ 4 என்றால் எட்டாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். விடைகளில் எட்டு இல்லை, மூன்று இருக்கிறது என்றால் தரகன் மூன்றுக்குத்தான் தலையாட்டுவான். கட்டம் முன்னால் நின்றால், விற்கிறவன் இன்னும் வரவில்லை என்று பொருள். அப்போது எண் தன்னோடு தானே பேரம் பேசும்.

லாரி ஓட்டுநர் இதையெல்லாம் எழுதிக்கொண்டார். "இப்பதான் சார் கணக்கு புரியுது," என்றார். பதினைந்து வருடமாகப் புரியாதது என்றும் சொன்னார்.

நானே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மதிப்பெண்கள் ஏறின. கணக்குப் போடுவதை விட்டுவிட்டு விடைகளோடு பேரம் பேசக் கற்றுக்கொண்டவர்களுக்கு நேரம் மிச்சமானது. எதிர் வரிசையில் இருக்கும் இன்னொரு மையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அங்கே இன்னும் பழைய குறிகளையே கட்டிக்கொண்டு அழுகிறார்களாம். எங்கள் முதலாளி மாடிப்படியில் ஒரு பலகை வைத்தார். "கட்டம் இங்கு மட்டுமே கற்றுத் தரப்படும்." அதில் பொய் ஏதும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை சந்தேக வகுப்பெடுக்க ஒரு கணக்கு வாத்தியார் வருவார். முப்பது வருடம் பாடம் நடத்தியவர். இவர் வந்தால் மாட்டிக்கொள்வோமே என்று எனக்குக் கொஞ்சம் பயம்தான். படியேறி வந்தவரை வாசலிலேயே மடக்கினேன்.

"வாத்தியாரே, இன்னைக்கு இசைவுக் கட்டத்தப் பத்திக் கேப்பாங்க. பாத்துக்கோங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி அது. "அதுவா," என்றார். "அது அந்தக் காலத்துலேயே வர்றதா இருந்துச்சுப்பா. ஏதோ காரணத்தால தள்ளிப் போட்டுட்டாங்க."

அன்று அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் வகுப்பெடுத்தார். நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். இசைவுக் கட்டத்தைப் பற்றி எனக்கே பல விஷயங்கள் அன்றுதான் புரிந்தன. அந்தக் குறிப்புகளையும் சேர்த்து நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு போட்டோம்.

சந்தேகப்பட்டது ஒரே ஒருத்திதான், என் அக்கா மகள். அக்கா வீட்டில், நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, இந்தக் கட்டம் நெஜமாவே இருக்கா?"

"ஏன் கேக்குற?"

"நெட்ல தேடலாம்னு பாத்தா அதை எப்படி அடிக்கிறதுன்னே புரியல. லைப்ரரில மூணு புத்தகம் பாத்தேன். எதுலயும் இல்ல."

"எல்லாப் புத்தகத்துலயும் இருந்தா எங்ககிட்ட எதுக்கு வர்றாங்க?"

அக்கா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "அவன்கிட்டப் போய்க் கேக்குறியேடி. ஓட்டை வாளியைச் செடிக்குத் தண்ணி ஊத்துறதுன்னு வித்தவன் அவன்."

"நீதானேக்கா அதுல ஆணி அடிச்சு இன்னும் நாலு ஓட்டை போட்டுக் குடுத்த?"

"நான் போட்டேன். அதை ஊருக்கே வித்தது யாரு?"

அக்கா மகள் சிரிக்கவில்லை. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மாமா, எனக்கு இது கடைசித் தடவை. வெளையாடாம சொல்லுங்க."

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எல்லா வகுப்புகளிலுமாக எண்பது பேருக்கு உண்டு என்று சொன்னதை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் இல்லை என்று சொன்னால் அது பாரபட்சம். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

"உங்கிட்டப் போய் நான் பொய் சொல்லுவேனா?" என்றேன்.

கேள்விக்குக் கேள்வியால் பதில் சொன்னால் அது பொய்க் கணக்கில் சேராது. அன்றிலிருந்து அவள் சந்தேகப்படவில்லை. கையேட்டை அட்டை போட்டுப் படித்தாள். இரண்டே வாரத்தில் பட்டியலில் முதலிடம் வந்தாள். அவள் பெயரை முதலில் ஒட்டும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இனிமேல் வருவதுதான் நீங்கள் என்னை அழைத்ததற்கு உண்மையான காரணம்.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு, அச்சுப்பொறியைப் பார்க்க வந்த கம்ப்யூட்டர்காரர் தற்செயலாக ஒரு திரையைப் பார்த்துவிட்டார். "என்னண்ணே இது, குறியெல்லாம் கட்டமா நிக்குது?" என்றார். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான். காலை வகுப்புக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நான் பதில் யோசிப்பதற்குள் அவர் உட்கார்ந்து நாலு தட்டுத் தட்டினார். ஏதோ ஒரு எழுத்துருக் கோப்பு விடுபட்டுப் போயிருந்ததாம். "சின்ன வெசயம்ண்ணே. எப்பவே சொல்லியிருக்கலாமே," என்று சொல்லிக்கொண்டே எல்லா இயந்திரங்களிலும் அதைப் போட்டுவிட்டார்.

திரையைப் பார்த்தேன். கட்டம் இருந்த இடத்தில் கழித்தல் குறி, குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்த பிள்ளை மாதிரி நின்றது. அதற்குப் பக்கத்தில் வகுத்தல்.

"என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"சந்தோஷம் தம்பி. போய் டீ சாப்புடுங்க."

அவர் இறங்கிப் போனதும் நான் நிதானமாக யோசித்தேன். இன்னும் அரை மணியில் முப்பத்திரண்டு பேர் வருவார்கள். நாற்பது பக்கக் கையேட்டோடு வருவார்கள். வாத்தியாரின் முப்பது வருட மரியாதை ஒரு பக்கம். படிக்கட்டுப் பலகை ஒரு பக்கம். லாரி ஓட்டுநருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்குப் புரிந்திருக்கிறது. இத்தனை பேருடைய நிம்மதியை ஒரு கழித்தல் குறிக்காகக் கெடுப்பது எந்த விதத்தில் நியாயம்?

அவர் அந்தக் கோப்பை எங்கே வைத்தார் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முப்பத்திரண்டு இயந்திரங்களிலும் அதை எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டீ குடித்துவிட்டு மேலே வந்தவரிடம், எல்லாம் பிரமாதமாக இருக்கிறது என்று சொல்லி, வாசலிலேயே கைகொடுத்து அனுப்பிவிட்டேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் கூட்டல் குறி மட்டும் தனியாக நிற்பது கண்ணை உறுத்தியது. இது ஏன் கட்டத்தில் சேரவில்லை என்று பின்வரிசையில் இரண்டு பேர் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் கூட்டல் குறிகளையும் நானே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கட்டம் வைத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். இது இயந்திரம் செய்ததல்ல, நான் செய்தது. குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மேல்நிலைப் பயிற்சி கேட்டார்கள். கொடுத்தேன். அதில் கடைசிக் கேள்வி இது: □ □ □ = ? விடைகள்: அ) □ ஆ) □ □ இ) எதுவுமில்லை ஈ) மேற்கண்ட அனைத்தும். இதற்குச் சரியான விடை என்று நான் எதையும் வைத்திருக்கவில்லை. யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றிருந்தேன். பாதிப் பேர் இ என்றார்கள். வாத்தியார் ஈ என்றார். இரு தரப்பும் கூடத்தில் அரை மணி நேரம் வாதாடினார்கள். டயர் கடைக்காரர் மேலே வந்து, ஏதாவது அடிதடியா என்று கேட்டார். என் அக்கா மகள் ஆ என்றாள். மூன்று தரகர்கள் ஒரே இடத்தில் நின்றால் ஒருவன் கட்டாயம் கோபித்துக்கொண்டு போவான், மிச்சம் இரண்டு, என்று எழுந்து நின்று விளக்கினாள். இரு தரப்பும் உட்கார்ந்தார்கள். அவளுக்கே முழு மதிப்பெண் கொடுத்தேன். அவள் சொன்ன காரணம்தான் பொருத்தமாக இருந்தது.

தேர்வு நாளன்று நானும் அக்காவும் அக்கா மகளைத் தேர்வுக்கூட வாசல் வரை கூட்டிப்போனோம். உள்ளே நடந்ததை லாரி ஓட்டுநரும் அவளும் பின்னால் சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் மையத்து ஆட்கள் ஐம்பத்தெட்டு பேர் அதே கூடத்தில் இருந்தார்கள். கணக்குப் பகுதி திறந்ததும் முதலில் லாரி ஓட்டுநர் கையைத் தூக்கினாராம்.

"சார், என் திரை சரியில்ல. கட்டத்தைக் காணோம்."

"எந்தக் கட்டம்?" என்றார் கண்காணிப்பாளர்.

"இசைவுக் கட்டம் சார். பாருங்க, வெறும் கோடு கோடா நிக்குது."

கண்காணிப்பாளர் குனிந்து பார்த்தார். திரையில் ஒரு கழித்தல் குறி இருந்தது. அதை அவர் வெகுநேரம் பார்த்தாராம். "ஆமாமா," என்றார். "இருங்க, சொல்றேன்." அப்படி ஒரு குறி உண்டா என்று அவர் கேட்கவே இல்லை. அவரும் ஏதோ ஒரு கடைக்காரர் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குள் ஐம்பத்தேழு கைகள் எழுந்திருந்தன. மேற்பார்வையாளர் வந்தார். அவரும் கேட்கவில்லை. எல்லா இயந்திரங்களையும் அணைத்துப் போட்டார்கள். கட்டம் வரவில்லை. இரண்டாம் முறை போட்டார்கள். மற்ற மையங்களில் படித்தவர்களும் இப்போது எழுந்துவிட்டார்கள். "அவங்களுக்கு மட்டும் கட்டம் குடுத்தா எங்க கதி என்ன? எங்களுக்கும் குடுங்க," என்று ஒருவர் மேசையைத் தட்டினார். மூன்றாவது முறை அணைத்துப் போட்ட பிறகு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. அது வாசலில் நின்ற எங்களுக்கும் கேட்டது. "கட்டம் வராத காரணத்தால் தேர்வு ரத்து செய்யப்படுகிறது."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். குடம் நசுக்கிய காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவள்.

கை தூக்காத ஐம்பத்தெட்டாவது ஆள் என் அக்கா மகள். முதல் கழித்தல் குறியைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ரொம்ப நாள் கழிச்சுச் சொந்தக்காரங்களப் பாத்த மாதிரி இருந்துச்சு மாமா," என்றாள். "அழுகையே வந்துருச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்திருக்கிறாள். ஒவ்வொரு முறை அணைத்துப் போட்டபோதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறாள். அறிவிப்பு வந்தபோது நூறில் எழுபத்தொன்று முடித்திருந்தாள். எழுபத்தொன்றும் சரி என்று சொன்னாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மறுதேர்வு மூன்று மாதம் கழித்து. அவளுக்கு முப்பது முடிந்து போன வாரத்தோடு ஒரு மாதம் ஆகிறது.

உங்களுக்குப் புகார் எழுதியது அவள்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. கையெழுத்து எவ்வளவு அழகு பாருங்கள். வயது வரம்பிலிருந்து அவளுக்கு விலக்கு வேண்டுமென்றால், வெளியாள் ஒருவன் வேண்டுமென்றே செய்த காரியத்தால்தான் தேர்வு நின்றது என்று நிரூபணமாக வேண்டும் என்றீர்கள். உங்கள் வாரியம் மூன்று பேராசிரியர்களைக் கூட்டி அந்தக் கட்டத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டதையும் சொன்னீர்கள். ஒருவர் "ஏற்கத்தக்கதே" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் தான் அதைப் பல வருடமாக அறிந்திருப்பதாக எழுதியிருக்கிறார். மூன்றாமவர் அடுத்த பாடத்திட்டத்தில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறார். மூன்று பேரையும் எனக்கு நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அப்புறம் நீங்கள் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னீர்கள். "இத பாருங்க, அந்தக் கட்டத்துக்கு இப்பவும் ஏதோ அர்த்தம் இருக்குன்னு நீங்க ஒரு எடத்துல எழுதினாலும் போதும். எங்க வாரியத்துக்காரங்க அதைப் பிடிச்சுக்குவாங்க. இது பாடத்திட்டத் தகராறுன்னு ஆயிடும். அந்தப் பொண்ணுக்கு விலக்கு கெடைக்காது."

வெளியே பெஞ்சில் அவளும் இதையேதான் சொன்னாள். "மாமா, மன்னிப்பெல்லாம் வேண்டாம். தெரியாதுன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. உங்க வாழ்க்கையில ஒரே ஒரு தடவை. எனக்காக."

சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அந்த வரியை அடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று என்பதை நீங்களே பார்த்தீர்கள். முதல் எழுத்தை அடிப்பேன், அழிப்பேன். நாற்காலி ஆடுகிறது என்று எழுந்து நின்றும் அடித்துப் பார்த்தேன். ஐம்பத்தோரு வயதில் விரல் வளையப் பழகுவது லேசில்லை. இதோ, வளைந்துவிட்டது:

அந்தக் கட்டம் பழுது. வேறு எதுவுமில்லை. பழுதைச் சரிசெய்த பிறகு வேண்டுமென்றே மறுபடி கெடுத்தவன் நான். அது என்ன குறி என்று என்னைக் கேட்டால், தெரியாது.

எழுதிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. நெஞ்சில் இருந்த ஒரு பெரிய பாரம் இறங்கியது போல் இருக்கிறது. இனிமேல் யார் எதைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். அச்செடுத்துக் கையெழுத்துப் போடுகிறேன், மேடம்.

கையெழுத்துக்குப் பின் சேர்த்தது:

தாள் அச்சாகி வந்ததும் நீங்கள் கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தீர்கள். அங்கே □ இப்படி ஒன்று விழுந்திருந்தது. உங்கள் அலுவலகத்து இயந்திரத்தில் நான் எதையும் தொடவில்லை. "இது என்ன?" என்று கேட்டீர்கள். சாதாரணமாகத்தான் கேட்டீர்கள். பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

அப்படிப் பார்த்துக் கேட்கிற ஒருவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வராது. நான் சொன்னதை எழுத்திலும் தரச் சொன்னதால் தருகிறேன். அது முடிப்புக் கட்டம், மேடம். இசைவுக் கட்டத்துக்குத் தம்பி முறை. வாக்குமூலங்களின் அடியில் மட்டும் வரும். மேலே சொன்னது இரு தரப்புக்கும் சம்மதமானால்தான் செல்லும் என்று பொருள். இந்த வருடந்தான் சேர்த்திருக்கிறார்கள்.

நீங்கள் மறுபேச்சுப் பேசாமல் குறித்துக்கொண்டது எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. கதவு பாதி திறந்திருந்ததால் நான் சொன்னது வெளியேயும் கேட்டிருக்கும். அக்கா மகள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பாவம், ஒருவழியாக முடிந்ததே என்ற நிம்மதி.